பழைய எண்ணும் புதிய எண்ணும்

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் அகன்ற சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் கீழ்க்கட்டளை. ஏரியும் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் உடையது அவ்வூர். இவ்வூர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘கட்டளை’ என்னும் சொல் பொருள் பொதிந்தது. ஒன்றைச் செய்க என்று ஏவுவது கட்டளை. கோயிலில் இன்ன பணி என்றும் தடையின்றி நடைபெறுதல் வேண்டும் என்று முன்னோர் பொருள் வைத்து ஏற்படுத்திய நிலையான ஏற்பாடும் கட்டளையே. ஏவல் ஒரு கணத்தில் முடிவது. அறக்கட்டளையோ ஏற்படுத்தியவர் மறைந்த பின்னரும் நிறைவேற்றப்பட வேண்டுவது.

இவ்விருவகைக் கட்டளையும் கணினியின் உள்ளேயும் உண்டு. இருபது, முப்பது ஆண்டுகட்கு முன் எழுதப்பெற்ற நிரல் ஒன்று இன்று வாங்கிய புதிய கணினியிலும் பிழையின்றி இயங்குகின்றது. எழுதியவர் எங்குளரோ அறியோம். அவர் கண்ட கணினியும் இன்று இல்லை. ஆயினும் அந்நிரல் இடும் கட்டளையைப் புதிய கணினி தட்டாது செய்கின்றது. இஃது எவ்வாறு இயல்கின்றது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

உட்கருவும் அழைப்பும்

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆள்வது இயக்க அமைப்பு. அதன் நடுவே நின்று நினைவகத்தையும் வட்டினையும் நுண்செயலியையும் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதியைக் கெர்னல் என்பர்; அதனை உட்கரு என்று நாம் வழங்குவோம்.

கணக்கு எழுதும் நிரல், கடிதம் அச்சிடும் நிரல், படம் காட்டும் நிரல் எனப் பல நிரல்கள் ஒரே கணினியில் ஒரே வேளையில் இயங்குகின்றன. அவை தத்தம் விருப்பப்படி வட்டில் எழுதத் தொடங்கினால் ஒன்றன் கோப்பை மற்றொன்று அழித்துவிடும். ஆகவே நுண்செயலி இருவகை நிலைகளை வகுத்துள்ளது. நிரல்கள் உரிமை குறைந்த நிலையில் இயங்கும். உட்கரு மட்டுமே முழு உரிமையுடைய நிலையில் இயங்கும். கோப்பைப் படித்தல், எழுதுதல் போன்ற எப்பணி வேண்டுமாயினும் நிரல் உட்கருவினிடம் விண்ணப்பித்தே பெறுதல் வேண்டும். இவ்விண்ணப்பத்திற்குச் சிஸ்டம் கால், அதாவது அமைப்பு அழைப்பு, என்பது பெயர்.

உட்கருவிற்குச் சொற்கள் விளங்கா, எண்களே விளங்கும். எனவே ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் உண்டு. நிரலானது வேண்டும் பணியின் எண்ணை நுண்செயலியின் பதிவகம் ஒன்றில் இட்டு, மற்றப் பதிவகங்களில் பணிக்கு வேண்டிய விவரங்களை வைத்து, உட்கருவின் வாயிலைத் தட்டும். உட்கரு தன் அட்டவணையை நோக்கி, அவ்வெண்ணுக்குரிய பணியைச் செய்து, விடையைத் திருப்பியளிக்கும்.

குரோம்பேட்டையும் லினக்ஸும்

லினக்ஸ் என்னும் உட்கருவை 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் உரிமத்தோடு அது பின்னர் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் அதனை வளர்த்த இடங்களுள் ஒன்று கீழ்க்கட்டளைக்கு அண்மையிலேயே உள்ளது. குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கப்பெற்ற எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக் கழகத்தின் ஏ.யூ-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இயங்குகின்றது. இம்மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து 2005-ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அம்முயற்சியின் வழியே லினக்ஸ் உட்கருவைக் கொண்ட ‘பாஸ்’ என்னும் இந்திய இயக்க அமைப்பு 2007-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்க்கு வழங்கப்பெற்ற கணினிகளிலும் அஃது இடம்பெற்றது.

அக்காலத்து நிரல்களுட் பல 32 பிட் நுண்செயலிக்கென எழுதப்பெற்றவை. இன்றைய கணினிகளோ 64 பிட் உடையவை. முன்னையது ஓர் எண்ணையோ முகவரியையோ நான்கு பைட்டுகளில் அடக்கும். பின்னையது எட்டுப் பைட்டுகளில் அடக்கும். அளவு மாறியபோது அழைப்பின் எண்களும் மாறின. இங்கேதான் பழைய நிரலுக்கு இடர் தோன்றுகின்றது.

இரண்டு வாயில்கள்

சென்னைத் தெருக்களில் வீட்டின் முகப்பில் ‘பழைய எண்’, ‘புதிய எண்’ என இரண்டும் எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். பழைய எண்ணிட்ட கடிதம் வந்தாலும் அஞ்சற்காரர் உரிய வீட்டில் சேர்ப்பார். உட்கருவின் செயலும் ஏறத்தாழ அத்தகையதே.

கோப்பைப் படிக்க என்னும் அழைப்பிற்கு 32 பிட் அட்டவணையில் எண் 3. 64 பிட் அட்டவணையில் எண் 0. எழுதுக என்பதற்குப் பழைய எண் 4. புதிய எண் 1. ஆனால் பழைய அட்டவணையில் 1 என்பது ‘நான் முடிந்தேன், என்னை நீக்குக’ என்று நிரல் விடைபெறுவதற்கு உரியது. ஒரே எண், ஓர் அட்டவணையில் எழுதுதல், மற்றோர் அட்டவணையில் மறைதல்! உட்கரு இதனை மயங்கிக் கொண்டால், விடைபெற வந்த நிரல் கோப்பில் எதையேனும் எழுதிவிடும். எழுத வந்த நிரல் பாதி வேலையில் மறைந்துவிடும்.

மயக்கம் நேராமற் காப்பது வாயில். 32 பிட் நிரல்கள் தொன்றுதொட்டு, பதினாறிலக்க முறையில் 80 என எழுதப்படும் குறுக்கீட்டின் வழியே உட்கருவினுள் புகுந்தன. 64 பிட் நிரல்கள் ‘சிஸ்கால்’ என்னும் புதிய ஆணையால் புகுகின்றன. முதல் வாயிலில் வருவோர்க்குப் பழைய அட்டவணையும், இரண்டாம் வாயிலில் வருவோர்க்குப் புதிய அட்டவணையும் விரிக்கப்படும். எந்த வாயிலில் வந்தான் என்பதைக் கொண்டே வந்தவன் பேசும் மொழி இன்னது என்று உட்கரு அறிகின்றது.

அளவை மாற்றித் தருதல்

வாயிலை அறிந்தால் மட்டும் போதாது. பழைய நிரல் கொண்டுவரும் விவரங்கள் பழைய அளவையில் இருக்கும். நினைவகத்தின் பல இடங்களில் தகவலைப் படித்து வைக்கும்படி ஒரு நிரல் வேண்டுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் இடத்திற்கும் முகவரியும் நீளமும் என இரண்டு எண்களை அது குறித்துத் தரும். பழைய நிரலின் குறிப்பில் ஓரிடத்திற்கு எட்டுப் பைட்டு. புதிய உட்கரு எதிர்பார்ப்பதோ பதினாறு பைட்டு. அக்குறிப்பை அப்படியே படித்தால், முகவரியும் நீளமும் ஒன்றாய் ஒட்டிக் கொண்டு பொருளற்ற பேரெண் ஒன்று கிடைக்கும்.

ஆகவே பழைய வாயிலுக்கும் உட்கருவின் பணியிடத்திற்கும் இடையே ஒரு மாற்றுப் பகுதி அமைக்கப்பட்டுள்ளது. அது பழைய குறிப்பை ஒவ்வொன்றாய் எடுத்துப் புதிய அளவிற்கு விரித்து எழுதும். பின்னர் அதனைப் பணியிடத்திற்கு அனுப்பும். பணி முடிந்து விடை வந்ததும் அதனைப் பழைய அளவிற்குச் சுருக்கி நிரலிடம் சேர்க்கும். படியும் மரக்காலும் கொண்டு அளந்த பழைய கணக்கைக் கிலோவில் மாற்றி எழுதி, விலையைக் கண்டபின் மீண்டும் படிக்கணக்கில் சொல்லும் கணக்கர் போன்றது இப்பகுதி. பணியைச் செய்யும் இடம் ஒன்றே; மொழிபெயர்ப்பு மட்டுமே இரண்டு.

கொள்கலம் சிறிதாயின்

விரித்தல் எளிது, சுருக்குதலே அரிது. சிறிய கலத்தில் உள்ளதைப் பெரிய கலத்தில் ஊற்றலாம். பெரிய கலத்தில் உள்ளதைச் சிறியதில் ஊற்றினால் வழியும் அன்றோ?

கோப்பின் அளவு, உரியவர், நாள் முதலியவற்றைக் கேட்டறியும் அழைப்பை நோக்குக. அதற்கு 32 பிட் அட்டவணையில் முதலில் இருந்த எண் 18. அதில் கோப்பின் அடையாள எண்ணுக்கு 16 பிட் இடமே உண்டு. அது போதாமற் போகவே 106 என்னும் எண்ணில் பெரிய படிவம் ஒன்று அமைந்தது. கோப்புகள் 2 ஜிகாபைட்டைக் கடந்து வளர்ந்தபோது 195 என்னும் எண்ணில் இன்னும் பெரிய படிவம் வந்தது. 2017-ஆம் ஆண்டில் 383 என்னும் எண்ணில் நான்காம் படிவமும் சேர்ந்தது. புதியது வந்ததென்று பழையது நீக்கப்படவில்லை. தாயும் பாட்டியும் பேர்த்தியும் ஒரே வீட்டில் வாழ்வது போல நான்கும் ஒரே அட்டவணையில் உள்ளன.

பழைய படிவத்தைக் கொண்டு வரும் நிரல், 2 ஜிகாபைட்டிற்கு மேற்பட்ட கோப்பின் அளவைக் கேட்டால் உட்கரு யாது செய்யும்? எண்ணின் மேற்பகுதியை வெட்டிவிட்டு எஞ்சியதைத் தரலாம். தந்தால், 4 ஜிகாபைட்டும் சிறிதும் உடைய கோப்பு மிகச் சிறிய கோப்பாகத் தோன்றும். நிரல் அதனை நம்பிச் சிறு பகுதியை மட்டும் படியெடுத்து, முழுதும் எடுத்துவிட்டதாகக் கருதும். ஆகவே உட்கரு அவ்வாறு செய்வதில்லை. ‘உன் படிவத்தில் இவ்விடை அடங்காது’ என்பதற்குரிய பிழைக் குறியீட்டைத் திருப்பியளிக்கும். நிரல் அவ்விடத்தே நிற்கலாம். ஆனால் பொய்க் கணக்கில் நடவாது.

மற்றொரு செய்தி இதனினும் கூர்மையானது. கணினியைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவர்க்கும் லினக்ஸ் ஓர் எண் கொடுக்கும். 0 என்னும் எண் முழு உரிமையுடைய தலைவர்க்கு உரியது. முற்காலத்தில் இவ்வெண் 16 பிட் அளவினது. 65,535 வரையே செல்லும். பெரிய நிறுவனங்கட்கு அது போதாமையால், 2001-இல் வெளிவந்த 2.4 பதிப்பில் 32 பிட் எண்கள் வழக்கிற்கு வந்தன. இப்பொழுது 65,536 என்னும் எண்ணுடைய ஒருவர் பழைய நிரலை இயக்குகின்றார் என்க. நிரல் ‘இவர் எண் யாது?’ என்று வினவும். அவ்வெண்ணின் கீழ் 16 பிட்டுகள் அனைத்தும் சுழியம். மேற்பகுதியை வெட்டிவிட்டால் விடை 0 ஆகும். எளிய பயனர் தலைவராகிவிடுவார்! இக்கேட்டைத் தவிர்க்க, அடங்காத எண்கள் எல்லாவற்றிற்கும் 65,534 என்னும் எண்ணையே உட்கரு சொல்லும். அதனை ‘எவரும் அல்லர்’ என்னும் உரிமையற்ற பெயரோடு வழங்குவது வழக்கம். உண்மையைச் சொல்ல இடமில்லாதவிடத்து, தீங்கு விளையாத விடையைத் தேர்ந்து சொல்லுதல் இதன் நெறி.

பெயர் கேட்டு மயங்கிய நிரல்கள்

பழைய நிரல்கள் எதிர்பார்ப்பவை யாவும் நூல்களில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. லினக்ஸின் பதிப்பு எண்கள் பல ஆண்டுகள் 2.6 என்றே தொடங்கின. 2011-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 2.6.39 பதிப்பை அடுத்து வந்த பதிப்பிற்கு 3.0 என்று எண்ணிட்டனர். உட்கருவின் பணியில் பெருமாற்றம் ஒன்றும் இல்லை. எண் மட்டுமே மாறியது. ஆயினும் பதிப்பு எண் 2.6 என்றே தொடங்கும் என நம்பி எழுதப்பெற்ற சில நிரல்கள் இயங்க மறுத்தன.

குற்றம் அந்நிரல்களினுடையது என்று கூறி ஒதுக்கியிருக்கலாம். லினக்ஸ் அவ்வாறு செய்யவில்லை. அத்தகைய நிரல்களுக்கென ஒரு சிறப்பு நிலையை அமைத்தனர். அந்நிலையில் இயங்கும் நிரல் பதிப்பு எண்ணைக் கேட்டால், 3.0 என்பதற்கு ஈடாக 2.6.40 என்னும் விடை கிடைக்கும். முன்பு இயங்கிய நிரல் உட்கருவின் மாற்றத்தால் இயங்காமற் போனால், அதனை உட்கருவின் பிழையாகவே கொள்ளுதல் வேண்டும் என்பது டோர்வால்ட்ஸ் உறுதியாகப் பேணிவரும் கொள்கை.

நீக்குதலிலும் ஒரு முறை உண்டு. பயன்படுத்துவார் இல்லையெனத் தெளிந்த பின் சில அழைப்புகளை அகற்றுவர். உட்கருவின் அமைப்பு விவரங்களை மாற்றப் பயன்பட்ட ‘சிஸ்கண்ட்ரோல்’ என்னும் பழைய அழைப்பு 2020-இல் வெளியான 5.5 பதிப்பில் நீக்கப்பட்டது. ஆயினும் 32 பிட் அட்டவணையில் அதற்குரிய 149-ஆம் இடம் வேறோர் அழைப்பிற்குத் தரப்படவில்லை. அவ்வெண்ணைக் கூறி வருவோர்க்கு ‘இப்பணி இங்கு இல்லை’ என்னும் தெளிவான விடை கிடைக்கும். இறந்தவர் பெயரை வேறொருவர்க்கு இட்டு, அவர்க்கு வரும் கடிதத்தை இவர் பிரித்துப் படிக்கும் குழப்பம் அங்கு இல்லை.

பழைய வாயிலுக்கும் காவல் வேண்டும்

பழைமையைப் பேணுதல் செலவில்லாத செயலன்று. மிகுதியாகப் பயன்படாத வாயிலில் காவலரின் கண் அயரும். 2007-ஆம் ஆண்டில் இதற்கோர் எடுத்துக்காட்டு நேர்ந்தது. பழைய வாயிலில் வரும் அழைப்பு எண் அட்டவணையின் எல்லைக்குள் உள்ளதா என்று உட்கரு சோதித்தது. ஆனால் பதிவகத்தின் கீழ்ப்பாதியை மட்டுமே சோதித்தது. பின்னர் அட்டவணையைப் புரட்டும்போது பதிவகம் முழுவதையும் கொண்டது. மேற்பாதியில் வேண்டிய எண்ணை ஒளித்து வைத்த நிரல், காவலைக் கடந்து அட்டவணைக்கு வெளியே உட்கருவை இழுத்துச் சென்று, முழு உரிமையைக் கவர இயன்றது.

குறை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆயின் அடுத்து நேர்ந்த வேறு மாற்றங்களால் அதே குறை மீண்டும் புகுந்து, 2010-இல் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. முன் திருத்தியது ஏன் என்பதை மறந்தால் பழைய பிழை புதிதாய் முளைக்கும் என்பதற்கு இது சான்று. 32 பிட் நிரல் தேவைப்படாத கணினியில் அவ்வாயிலை அடைத்து வைக்கவும் வழி உண்டு. கணினியைத் தொடங்கும்போதே அதனைத் தேர்ந்துகொள்ளும் வசதி 2024-இல் வந்த 6.7 பதிப்பில் சேர்ந்தது.

உட்கருவால் இயலாதது

எத்துணைப் பேணினும் உட்கருவால் இயலாத ஒன்றும் உண்டு. காலத்தை 1970-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நொடிகளாக எண்ணுவது இவ்வமைப்புகளின் வழக்கம். பழைய 32 பிட் நிரல்கள் அத்தொகையை வைக்கும் கலத்தில் 2,147,483,647 வரையே அடங்கும். அது நிறைவது 2038-ஆம் ஆண்டு சனவரி 19-ஆம் நாள், இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு. அடுத்த நொடியில் எண் எதிர்மறையாகப் புரண்டு, காலம் 1901-ஆம் ஆண்டு திசம்பருக்குச் சென்றுவிடும்.

இதனை முன்னறிந்து 2019-இல் 5.1 பதிப்பில் 64 பிட் காலத்தைத் தரும் புதிய அழைப்புகளைச் சேர்த்தனர். அவற்றின் எண்கள் 403 முதலாகத் தொடங்குகின்றன. ஆனால் பழைய நிரல் அவ்வழைப்புகளை அறியாது. அது நீட்டும் கலமோ சிறியது. உட்கரு எவ்வளவு பெரிய அகப்பையால் வழங்கினும், ஏற்பவன் கையில் உள்ள கலத்தின் அளவே அவனுக்குக் கிட்டும். ஆகவே அந்நிரல்களைப் புதிய படிவத்தில் மீண்டும் தொகுத்தே ஆகவேண்டும். மூல வடிவம் இழக்கப்பட்ட நிரல்களுக்கு அதுவும் அரிது. ஆற்றல் ஒப்பந்தத்தைக் காப்பவனிடம் மட்டும் இல்லை. அதன் மறுபுறத்தில் நிற்பவனிடமும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

வேறு நெறிகள்

எல்லா அமைப்புகளும் ஒரே வழியில் செல்வதில்லை. விண்டோசில் உட்கருவின் அழைப்பு எண்கள் பதிப்பிற்குப் பதிப்பு மாறுவதுண்டு. நிரல்கள் உட்கருவை நேரே அழைக்காமல், இடையே உள்ள நூலகத்தின் வழியே அழைக்கின்றன. அந்நூலகத்தின் வாயில்தான் அங்கே மாறாமற் காக்கப்படுகின்றது. ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் அமைப்போ 2014-இல் 5.5 பதிப்பில் காலக் கலத்தை 64 பிட்டாக ஒரேயடியாக மாற்றியது. பழைய நிரல்கள் அனைத்தையும் மீண்டும் தொகுக்க வேண்டியதாயிற்று. அதனால் 2038-ஆம் ஆண்டின் இடர் அங்கே முன்னதாகவே நீங்கிற்று. பழையதைச் சுமந்து செல்வோர் ஒரு பயன் பெறுகின்றனர். துணிந்து மாற்றுவோர் வேறொரு பயன் பெறுகின்றனர். எது தக்கது என்பது, அவ்வமைப்பை நம்பி வாழ்வோர் யாவர், அவரால் மாற இயலுமா என்பவற்றைப் பொறுத்தது.

முடிவுரை

கடைத்தெருவில் பல்லாண்டுக் கணக்கைப் பழைய நிரலில் வைத்திருக்கும் சிறு வணிகர்க்கு 32 பிட் என்பதும் 64 பிட் என்பதும் தெரிய வேண்டுவதில்லை. கணினி பழுதுற்றுப் புதியது வாங்கிய மறுநாளும் அவர் கணக்கு திறக்குமா என்பதே அவர் கவலை. அது திறக்குமாயின், அவர் அறியாத தொலைவில் எவரோ பழைய எண்ணை அட்டவணையில் அழியாது வைத்துள்ளனர் என்பது பொருள்.

பழையதைக் காத்தல் என்பது மாறாதிருத்தல் அன்று. உட்கரு தன் உட்புறத்தை ஆண்டுதோறும் மாற்றிக் கொண்டே வருகின்றது. பிறர்க்குக் கொடுத்த சொல்லை மட்டும் மாற்றாது காக்கின்றது. அடங்காதவற்றை வெட்டிக் கொடுத்து ஏமாற்றாமல், இயலாதபோது இயலாது என்று கூறுவதும் அச்சொல்லைக் காப்பதன் பகுதியே. முன்னோர் இட்ட அறக்கட்டளையை நிறைவேற்றுவோரிடம் நாம் வேண்டுவதும் இவ்விரண்டுமே.